போர்ட் பிளேரிலேர்ந்து அகத்திக்கு நேரா விமானம் உண்டா? எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

தோணிபுரத்தாள்:

எல்லாருக்கும் வணக்கம். நான் சீர்காழி பக்கம். சீர்காழியிலேர்ந்து கொள்ளிடம் போற ரோட்டுல ஆறு கிலோமீட்டர் வந்து கிழக்கால திரும்பினா எங்க ஊரு. சத்துணவு அமைப்பாளரா இருந்து ஓய்வு பெற்றவ. எனக்கு ரெண்டு புள்ளைங்க. ரெண்டு பேரும் இப்ப தீவுல இருக்காங்க, ஆனா ஒரே தீவுல இல்ல. பெரியவன் அந்தமான்ல, போர்ட் பிளேர்ல கப்பல் பழுது பாக்குற இடத்துல வெல்டர். சின்னவ லட்சத்தீவுல அகத்தியில இருக்கா, மாப்பிள்ளைக்கு அங்க மத்திய அரசு வேலை. ஒண்ணு வங்காள விரிகுடாவுக்கு அந்தாண்ட, இன்னொண்ணு அரபிக்கடலுக்கு நடுவுல.

பொண்ணு இப்ப ஆறு மாசம். மாசி கடைசியில ஏழாம் மாசத்து வளைகாப்பு எங்க வீட்டுல வைக்கிறதா பேசியிருக்கோம். எங்க பக்கத்து வழக்கப்படி பொறந்த வீட்டு ஆம்பள யாராவது போய்ப் பொண்ண அழைச்சிக்கிட்டு வரணும். எங்க வீட்டுக்காரர் போகலாம்னா சம்பா அறுப்பு நடக்குது, மிஷினுக்கு நாள் சொல்லிட்டுக் காத்துக்கிட்டு இருக்கார். முட்டி வலி வேற. பெரியவன் "தங்கச்சிய நான் போய்க் கூட்டிக்கிட்டு வர்றேன், நீங்க யாரும் அலைய வேண்டாம்"னு சொல்லிட்டான். அண்ணனும் தங்கச்சியும் நேருக்கு நேர் பாத்து மூணு வருஷம் ஆச்சு.

இதுக்காக ஒரு டிராவல்ஸ்ல போய்க் கேட்டேன். "ரெண்டும் தீவு, ரெண்டுலயும் ஏர்போர்ட் இருக்கு, ஒன்பது மணி நேரத்துல கொண்டுபோய் விட்டுடுவோம்"னு சொல்லி அஞ்சாயிரம் முன்பணம் வாங்கினாங்க. கொடுத்த தாள வாட்ஸ்அப்ல பையனுக்கு அனுப்புனேன். அவன் பாத்துட்டு, "அம்மா, இதுல சென்னையில விமானம் மாற அம்பது நிமிஷம்தான் இருக்கு. கொச்சிக்கு சாயங்காலம் போய் இறங்குது. அகத்தி விமானம் காலையிலயே போயிடும், ராத்திரி எங்க தங்குறது, மறுநாள் டிக்கெட் எங்க, ஒண்ணுமே இதுல இல்லையே"ங்கிறான். திரும்பப் போய்க் கேட்டா முன்பணத்தப் பத்திப் பேச்சே எடுக்க மாட்டேங்கிறாங்க. காசு போனாலும் பரவாயில்ல, ஏழு மாசப் பொண்ணு நடுவழியில நின்னுடக் கூடாது. அதனாலதான் விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட கேக்குறேன்.

ரெண்டு தீவுக்கும் நேர் தூரம் எவ்வளவு? நேரா விமானம் இருக்கா? இல்லைன்னா எந்த வழியில போனா அலைச்சல் கம்மி?

இன்னொண்ணும் ரொம்ப நாளா மனசுல இருக்கு. தினம் சாயங்காலம் ஆறேகாலுக்கு, வாசல்ல விளக்கு வச்சிட்டு, ரெண்டு பேரையும் ஒரே வீடியோ கால்ல கூப்பிடுவேன். பெரியவன் பக்கம் கும்மிருட்டு, தெருவிளக்கு வெளிச்சத்துல உக்காந்திருப்பான். பொண்ணு பக்கம் வெயில் மஞ்சளா தென்ன மரத்து மேல அடிக்கும், கண்ண சுருக்கிக்கிட்டுதான் பேசுவா. எங்க வாசல்ல அப்பத்தான் அந்தி. மூணு எடத்துலயும் கடிகாரம் ஒரே ஆறேகால்தானே காட்டுது? இது எப்படின்னும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொள்ளிடக்கரை வாத்தியார்:

அம்மாவுக்கு வணக்கம். புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தூரக் கணக்கை நான் சொல்கிறேன். விமான விவரங்களைப் போய் வந்தவர்கள் சொல்லட்டும்.

அகத்தி விமான நிலையம் ஏறக்குறைய 10.82 பாகை (டிகிரி) வட அட்சத்திலும் 72.18 பாகை கிழக்குத் தீர்க்கத்திலும் இருக்கிறது. போர்ட் பிளேர் விமான நிலையம் 11.64 வடக்கு, 92.73 கிழக்கு. (2024 செப்டம்பரில் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். டிக்கெட்டில் புதுப் பெயர் இருந்தால் வேறு ஊரோ என்று குழம்பாதீர்கள்.) வடக்குத் தெற்காகப் பார்த்தால் ஒரு பாகைகூட வித்தியாசம் இல்லை. கிழக்கு மேற்காக 20.55 பாகை. நம் அட்சத்தில் ஒரு பாகைத் தீர்க்கம் என்பது சுமார் 109 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 2,240 கிலோமீட்டர் வரும். முழுக் கோளக் கணக்குப் போட்டாலும் மூன்று நான்கு கிலோமீட்டர்தான் கூடும்.

நேராகப் பறக்க முடிந்தால், மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் ஜெட் விமானத்தில் மேலே இருக்கும் நேரம் இரண்டே முக்கால் மணி. ஏற்றம் இறக்கம் சேர்த்து மூன்றேகால் என்று வையுங்கள். ஆனால் அகத்தி ஓடுபாதை 1,200 மீட்டர் அளவுதான். பெரிய ஜெட் அங்கே இறங்க முடியாது. அங்கே போவது காற்றாடி வைத்த ஏ.டி.ஆர். விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் சுமார். 2,240 கிலோமீட்டருக்கு நாலரை மணி நேரம் ஆகும். ஆட்களை முழுதாக ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் ஒரே மூச்சில் போக அதில் எரிபொருள் காணாது. ஆக, போர்ட் பிளேரில் இறங்கக்கூடிய பெரிய விமானம் அகத்தியில் இறங்காது. அகத்தியில் இறங்கும் சின்ன விமானம் போர்ட் பிளேர் வரை போய்ச் சேராது. நேர் விமானம் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

இனி உங்கள் ஆறேகால் மணிக் கேள்வி. கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். முப்பது வருஷம் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்ததை நீங்கள் வாசலில் விளக்கு வைத்துக்கொண்டே பார்த்துவிட்டீர்கள். பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகும். 20.55 பாகைக்கு 82 நிமிடம். போர்ட் பிளேரில் சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் அகத்தியில் மறையும். ஆனால் நாடு முழுவதும் ஒரே கடிகாரம். அந்தக் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது. அந்த ரேகை நம் கடற்கரைக்குக் கிழக்கே முந்நூறு கிலோமீட்டருக்குள், கடலில் போகிறது. 72.18, 92.73 இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள், 82.45 வரும். இந்திய நேரத்தின் ரேகை உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட சரிபாதியில் நிற்கிறது அம்மா. கடிகாரத்தைவிட மகனுக்குச் சூரியன் 41 நிமிடம் முந்தும், மகளுக்கு 41 நிமிடம் பிந்தும்.

மேலையூர்க்காரன்:

வாத்தியார் ஐயா சொன்னதப் படிச்சிட்டு அட்லஸ எடுத்து ரெண்டு தீவுக்கும் நடுவுல ஸ்கேல் வச்சுக் கோடு இழுத்தேன். கோடு நேரா எங்க பூம்புகார் கடற்கரையில வந்து ஏறுது! பென்சில் முனை எங்க ஊரு மேலயே நிக்குது. அப்ப அந்த அம்மா வீடும் கோட்டுக்குப் பக்கத்துலதான். யாராவது சரி பாத்துச் சொல்லுங்க, இத எங்க அப்பாகிட்ட காட்டணும்.

கொள்ளிடக்கரை வாத்தியார்:

தம்பி, உங்கள் ஸ்கேல் சரிதான். ஆனால் பூமி தட்டை இல்லையே. தாளில் நேர்கோடாகத் தெரிவது உருண்டையில் மிகக் குறுகிய வழி அல்ல. உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கும் நூலை இழுத்துப் பிடித்தால் அதுதான் குறுகிய வழி. பெருவட்டப் பாதை என்று சொல்வோம். நம் அட்சத்தில் கிழக்கு மேற்காகப் போகும் பெருவட்டம் தாள் கோட்டைவிடச் சற்று வடக்கே வளையும். இந்த இரண்டு தீவுக்கும் நடுவே அது நம் பக்கத்தில் 18 கிலோமீட்டர் வடக்கே தள்ளிப் போகிறது.

நேற்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சீர்காழியின் தீர்க்கத்தில், அதாவது 79.74 பாகையில், அந்தப் பாதை 11.29 பாகை வடக்கில் வருகிறது. சீர்காழி 11.24 சுமார். ஊருக்கு வடக்கே ஆறு கிலோமீட்டர். இரண்டு முறை சரி பார்த்தேன். அம்மா, "கொள்ளிடம் போற ரோட்டுல ஆறு கிலோமீட்டர் வந்து" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் பிள்ளைகள் இருவரையும் இணைக்கிற நேர்வழி உங்கள் ஊர்த் தலைக்கு மேலேதான் போகிறது. திருமுல்லைவாசலுக்கும் பழையாறுக்கும் நடுவே கரையேறி, கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே தாண்டி, நாமக்கல் வழியாக, திருப்பூரை ஒட்டி, கோயம்புத்தூருக்கு வடக்கே போய், கோழிக்கோட்டுக்குத் தெற்கே பரப்பனங்காடிப் பக்கம் அரபிக்கடலில் இறங்குகிறது. உங்கள் வீட்டிலிருந்து அகத்திக்குச் சுமார் 830 கிலோமீட்டர், போர்ட் பிளேருக்குச் சுமார் 1,415.

இந்த இரண்டு கடலும் நம் ஊர்க் கல்வெட்டுக்குப் புதிதில்லை. ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் "முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரமும்" வருகிறது. மாலத்தீவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள், லட்சத்தீவுக்குத் தெற்கே இருப்பது. ராஜேந்திரன் மெய்க்கீர்த்தியில் "மாநக்கவாரமும்" வருகிறது, அது நிக்கோபார். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் அதை வெட்டி வைத்திருக்கிறார்கள். மாணவர்களை அழைத்துப்போய்க் காட்டும்போதெல்லாம் மேற்குக்கும் கிழக்குக்கும் கை நீட்டிக் காட்டுவேன். நடுவே ஒரு வீடு இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நாகை மாலுமி:

அக்கா, நான் நாகப்பட்டினம். சரக்குக் கப்பல்ல 22 வருஷம். கடல் வழி கேக்கலைன்னாலும் சொல்லிடறேன், யாராவது "கப்பல்ல போயிடலாமே"ன்னு உங்ககிட்ட சொன்னா நம்பிடாதீங்க.

வானத்துல போற கோடு நம்ம நெலத்து மேல போவுது. கப்பலுக்கு அது ஆகாது. ராமேஸ்வரம் பக்கம் ஆதாம் பாலத்துல சில எடத்துல மூணு மீட்டர் தண்ணிகூட கெடையாது, பெரிய கப்பல் நுழையவே முடியாது. அதனால இலங்கையச் சுத்தித்தான் போகணும். போர்ட் பிளேரை விட்டு மேற்கால வந்து, இலங்கைக்குத் தெக்க தேவேந்திரமுனைய சுத்தி, அப்பறம் வடமேக்கா அகத்திக்கு ஏறணும். கிட்டத்தட்ட 1,380 நாட்டிக்கல் மைல், உங்க கணக்குல 2,550 கிலோமீட்டருக்கு மேல. 12 நாட் வேகத்துல, அதாவது மணிக்கு 12 நாட்டிக்கல் மைல் போனா நாலே முக்கால் நாள். அதுவும் அப்படிப் போற பயணிகள் கப்பல் எதுவும் கெடையாது. சென்னையிலேர்ந்து போர்ட் பிளேருக்குக் கப்பல் உண்டு, மூணு நாள் புடிக்கும். கொச்சியிலேர்ந்து அகத்திக்கும் உண்டு, ஒரு ராத்திரி, சில கப்பல் அதுக்கும் மேல. அகத்தியில பெரிய கப்பல் கரை ஒட்டி நிக்காத நாள் உண்டு. வெளியில நிறுத்தி, படகு கொண்டாந்து, அலையில மேலயும் கீழயும் ஆடுற படகுக்கு ஏணியிலேர்ந்து கால மாத்தி வைக்கணும். வயித்துப் புள்ளைய அப்படி இறக்கவே கூடாது. எவ்வளவு காசு கூட ஆனாலும் விமானம்தான்.

அந்தமானுக்குத் தெக்க டென் டிகிரி சேனல், லட்சத்தீவுல மினிக்காய்க்கு வடக்க நைன் டிகிரி சேனல். ரெண்டு வழியிலயும் நான் வாட்ச்ல நின்னு போயிருக்கேன். ராத்திரி ரெண்டு மணிக்கு மினிக்காய் லைட்ஹவுஸ் வெளிச்சம் தெரிஞ்சா, ஊருக்கு நெருங்கிட்டோம்னு ஒரு தெம்பு வரும். உங்க பசங்க ரெண்டு பேரும் நல்ல தண்ணியிலதான் இருக்காங்க அக்கா, கவலப்படாதீங்க.

துறைப்பூண்டிப் பையன்:

அம்மா, நான் திருத்துறைப்பூண்டி, ஒன்பது வருஷமா போர்ட் பிளேர்ல கடை வச்சிருக்கேன். உங்க பையன் எங்க இருக்கார்னு தெரியல, ஆனா வெற்றிமலை முருகன் கோயில்ல ஒருநாள் நிச்சயம் பாத்திருப்போம்.

இங்கேர்ந்து சென்னைக்கு 1,370 கிலோமீட்டர், ரெண்டேகால் மணி நேரம். காத்தப் பொறுத்து பத்து நிமிஷம் முன்ன பின்ன ஆகும். இப்ப பனிக்காலம், மேல மேல்காத்து அடிக்கும், சென்னை போற பக்கம் கொஞ்சம் இழுக்கும். ஆடி ஆவணியில அப்படியே மாறிடும். சென்னையிலேர்ந்து கொச்சி 520 கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிஷம். கொச்சியிலேர்ந்து அகத்தி 460, 470 இருக்கும், ஒன்றேகால் ஒன்றரை மணி. எல்லாம் கூட்டுனா 2,360 கிலோமீட்டர். வாத்தியார் சொன்ன நேர்வழியவிட 120தான் கூட, சீர்காழிலேர்ந்து தஞ்சாவூர் போற தூரத்தவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். வானத்துல இருக்குற நேரம் அஞ்சு மணிக்குள்ள முடிஞ்சிடும். அந்த டிராவல்ஸ்காரங்க இதப் பாத்துட்டுத்தான் ஒன்பது மணி நேரம்னு சொல்லியிருப்பாங்க. பறக்குற நேரத்த வச்சுப் பயணத்தக் கணக்குப் போடவே கூடாது.

எங்க ஏர்போர்ட்டுல ஒரு பக்கம் மலை. அதனால ஒரு திசையிலேர்ந்துதான் இறங்குவாங்க. மேகம் மூடிடுச்சுன்னா விமானம் மேலயே சுத்திட்டு சென்னைக்கே திரும்பிப் போன நாளும் உண்டு. வர வேண்டிய விமானம் வரலைன்னா போக வேண்டியதும் போகாது. போன வருஷம் எங்க சித்தப்பா காரியத்துக்கு நான் கிளம்பி, இப்படி ஒரு நாள் முழுக்க ஏர்போர்ட்டுலயே உக்காந்திருந்தேன். மறுநாள்தான் வந்து சேர்ந்தேன், எல்லாம் முடிஞ்சிருந்தது. அதனால சொல்றேன், சென்னையில அம்பது நிமிஷத்துல அடுத்த விமானம்னு போட்டா ஒத்துக்காதீங்க. தனித்தனி டிக்கெட்டா இருந்தா, முதல்ல ஒண்ணு தவறினா மத்தது எல்லாமே போச்சு. நடுவுல ஒரு முழு நாள் விடுங்க.

குடந்தை சோலார்:

வணக்கம்மா. சோலார் பேனல் மாட்டுற வேலைக்காக அகத்தியிலயும் கவரத்தியிலயும் மொத்தம் நாலு மாசம் இருந்தேன். கும்பகோணத்துக்காரன்.

முதல்ல அனுமதி. அந்தமானுக்கு நம்ம ஆளுங்க டிக்கெட் எடுத்தா போயிடலாம். லட்சத்தீவு அப்படி இல்ல, அந்த ஊர்க்காரர் இல்லாத யார் போனாலும் நுழைவு அனுமதி வேணும். அனுமதித் தாள் இல்லாம கொச்சியில விமானத்துலயே ஏத்த மாட்டாங்க. உங்க மாப்பிள்ளை அங்க வேலையில இருக்கறதால அவரையே இன்னிக்கே விண்ணப்பம் போடச் சொல்லுங்க. பையனோட அடையாள அட்டை நகல், போட்டோ எல்லாம் இப்பவே அனுப்பி வச்சிடுங்க. டிக்கெட் பாக்குறது அதுக்கு அப்பறம்தான். எங்க கூட வந்த ஒரு பையன் முன்னாடியே டிக்கெட் எடுத்துட்டு, அனுமதி வர ஆறு நாள் தாமதமாகி, கொச்சியில லாட்ஜ்ல கெடந்தான்.

விமானம் நான் போனப்பல்லாம் காலையிலதான். கொச்சியில முந்தின ராத்திரி தங்கியே ஆகணும். தனி மூட்டைக்கு எடைக் கணக்கு கறாரா பாப்பாங்க, ஓடுபாதை சின்னது, எடைய வச்சுத்தான் எத்தனை பேர் ஏறலாம்னே முடிவு பண்றாங்க. இறங்குறப்ப பையன ஜன்னல் ஓரமா உக்காரச் சொல்லுங்க. தீவோட தென்கோடியில ஓடுபாதை. ரெண்டு பக்கமும் தண்ணி, தெற்கு முனையிலயும் தண்ணி. சக்கரம் தரையில படுற வரைக்கும் கடல்லதான் இறங்கப் போறோம்னு எனக்கு நெஞ்சு அடிச்சிக்கிச்சு. ஒரு பக்கம் தண்ணி பச்சைக் கண்ணாடி வளையல் மாதிரி இருக்கும், பவளத் திட்டுக்கு அந்தப் பக்கம் ஒரே கருநீலம்.

பொண்ணு அங்க நல்லா இருப்பாங்கம்மா. அகத்தி சனங்க பேசுறது மலையாளம் மாதிரி, ஆனா வேற. எங்களுக்கு சோறு போட்ட வீட்டு அம்மா, நான் "போதும்"னா "போதுமா, போதுமா"ன்னு சிரிச்சிக்கிட்டே இன்னும் ஒரு துண்டு சூரை மீன வைப்பாங்க. காய்கறி மட்டும் கப்பல் வந்தாத்தான். கீரை, கத்திரிக்காய்க்கெல்லாம் ஏங்கிப் போயிடுவோம்.

எனக்குத் தோணுற வழிய சொல்றேன். பையன் சென்னையில இறங்கி உடனே கொச்சி போக வேண்டாம். அந்தக் கோடுதான் உங்க வீட்டு மேல போவுதே! எழும்பூர்ல ரயில் ஏறினா அஞ்சு மணி நேரத்துல சீர்காழி. வீட்டுல ரெண்டு மூணு நாள் இருக்கட்டும், அனுமதித் தாளும் அதுக்குள்ள கையில வந்துடும், விமானம் ஒரு நாள் தவறினாலும் பதறவே வேண்டாம். அப்பறம் தஞ்சாவூர் வந்து காரைக்கால் எர்ணாகுளம் ரயில்ல சாயங்காலம் ஏறினா விடியக்காலையில எர்ணாகுளம் பக்கம் போயிடலாம். நாங்க எல்லாம் அதுலதான் போவோம். போய்ச் சேர்ற அன்னிக்கே விமானத்தப் புடிக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, ஒரு ராத்திரி தங்கிட்டு மறுநாள்.

குத்தாலம் செவிலி:

அக்கா, எல்லாரும் வழியச் சொல்லிட்டாங்க, நான் பொண்ணைப் பத்திச் சொல்றேன். 28 வாரம் தாண்டிட்டா பெரும்பாலான விமானத்துல டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்க. எத்தனாவது வாரம், ஒத்தக் குழந்தையா, பயணம் போகலாமா, இது மூணும் அதுல எழுதியிருக்கணும், பயணத்துக்குக் கிட்டத்துத் தேதி இருக்கணும். 28க்கு முன்னாலயே கூட்டிக்கிட்டு வந்துடறது நல்லது, எப்படியும் சர்டிபிகேட் கையில இருக்கட்டும். அங்க ஆஸ்பத்திரியிலயே வாங்கிடச் சொல்லுங்க. வரும்போது ஒன்றரை மணிக்கு ஒருதரம் எழுந்து நடக்கணும், தண்ணி நெறைய குடிக்கணும், கால் தொங்கியே இருக்கக் கூடாது. திரும்ப வர்ற ரயில்ல கீழ் பெர்த், கழிவறைக்குப் பக்கம் இல்லாத பெட்டி நடுவுல. கர்ப்பிணிக்கு கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கு, டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்க. கொச்சியில ஒரு நாள் படுத்து ஓய்வெடுத்துட்டு அப்பறம் ரயில் ஏறட்டும்.

தோணிபுரத்தாள்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா படிக்கச் சொல்லிக் கேட்டார். வாத்தியார் எழுதுனத ரெண்டு தடவ படிக்கச் சொன்னார்.

மறுநாள் நான் வேலை பாத்த பள்ளிக்கூடத்துக்கே போனேன். பீரோ மேல உருண்டை ஒண்ணு தூசி படிஞ்சு இருக்கும், என் காலத்துலேர்ந்தே இருக்கு. டீச்சர் எடுத்துக் கொடுத்தாங்க. கைப்பையில பூ கட்டுற நூல்கண்டு கெடந்தது. ஒரு முழம் அறுத்து, நனைச்சு, அந்தமான் மேல ஒரு புள்ளைய விரல வைக்கச் சொல்லி, லட்சத்தீவு மேல நான் கட்டை விரல வச்சு இழுத்துப் புடிச்சேன். நூலுக்கு நடுவுல ரெண்டு அங்குலம்தான். அந்த ரெண்டு அங்குலத்துல காவிரி கடல்ல கலக்குற எடம் நூலுக்கு அடியில மறைஞ்சு போச்சு. அஞ்சாங்கிளாஸ் புள்ள ஒண்ணு, "ஆயா, உங்க வீடு நூல் மேலயா, நூலுக்குக் கீழயா"ன்னு கேட்டுச்சு. எனக்குத் தொண்ட அடைச்சுப் போச்சு. இத்தன நாளா, புள்ளைங்கள ஆளுக்கொரு கோடிக்கு அனுப்பிட்டு நாம எங்கயோ ஒதுங்கிக் கெடக்கோம்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். எங்க ஊர தோணிபுரம்னு சொல்லுவாங்க, ஊழி வெள்ளத்துல தோணியா மெதந்த ஊருன்னு. அன்னிக்கு அந்த உருண்டையப் பாக்கும்போது, ரெண்டு தீவுக்கும் நடுவுல எங்க வீடுதான் தோணி மாதிரி நின்னுச்சு.

இப்ப முடிவு பண்ணினதச் சொல்றேன். குடந்தைத் தம்பி சொன்ன வழிதான். மாப்பிள்ளை அனுமதிக்கு விண்ணப்பம் போட்டாச்சு, பையனோட ஆதார் நகல அனுப்பியாச்சு. பையன் சென்னையில இறங்கி ரயில்ல வீட்டுக்கு வர்றான், நாலு நாள் இருப்பான். அறுப்பும் அதுக்குள்ள முடிஞ்சிடும். அப்பறம் அப்பாவும் புள்ளையுமா தஞ்சாவூர்ல ரயில் ஏறி எர்ணாகுளம். இவர் அங்க சத்திரத்துல ரெண்டு ராத்திரி தங்கிக்குவார், பையன் மட்டும் அகத்திக்குப் போய்த் தங்கச்சிய அழைச்சிக்கிட்டு வருவான். "கொச்சி வரைக்கும் மாப்பிள்ளை ஏத்தி விடட்டும், நீ கொச்சியிலேயே நின்னு கூட்டிக்கிட்டு வாயேன்"னு நானே சொல்லிப் பாத்தேன். அதுக்கு அவன், "இல்லம்மா, அவ வீட்டு வாசல்ல போய் நிக்கணும்"னுட்டான். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல.

கணக்குப் பாத்தா அண்ணன் கிளம்பி தங்கச்சி வாசல்ல நிக்கறதுக்கு ஏழு நாள் ஆகுது. ஏழு நாள்ல நாலு நாள் எங்க வீட்டுல. எனக்கு இதவிட நல்ல வழி வேற இல்ல.

28 வாரம் முடியறதுக்கு அஞ்சு நாள் முன்னாடியே அவ வந்துடற மாதிரி தேதி போட்டிருக்கோம். செவிலித் தங்கச்சி சொன்ன சர்டிபிகேட்டுக்கும் சொல்லியாச்சு. துறைப்பூண்டித் தம்பி, உங்க பேர பையன்கிட்ட சொல்லியிருக்கேன், வர்ற கிருத்திகைக்குக் கோயிலுக்கு வருவான். டிராவல்ஸ்ல எங்க வீட்டுக்காரரும் ஊர்க்காரங்க ரெண்டு பேரும் போய் உக்காந்து மூவாயிரம் திரும்ப வாங்கிட்டாங்க, மிச்சத்துக்கு மாசக் கடைசி சொல்லியிருக்காங்க.

பொண்ணு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, உப்பு நாரத்தங்காய். வாய்க்கு ஒண்ணும் பிடிக்கலையாம். காய சுருள் சுருளா அறுத்து, கல்லுப்பு அடைச்சு, ஜாடியில ஊற வச்சு, நேத்துதான் மாடியில மொறத்துல பரப்பினேன். இன்னும் தோலு பச்சையாவே இருக்கு. பையன் கையில கொடுத்தனுப்ப, சுருண்டு கருத்து வர இன்னும் எட்டு வெயிலாவது வேணும்.